காற்று அள்ளிய வண்டல்

என் கணவர் இருபத்திரண்டு வருடம் வளைகுடாவில் பார்த்த வேலை தூசி துடைப்பது. ஊரில் யாராவது கேட்டால் ‘கம்பெனியில இருக்காரு’ என்றுதான் சொல்வேன். அறந்தாங்கிப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் கம்பெனியில்தான் இருக்கிறார்கள். என்ன கம்பெனி, அதில் என்ன வேலை என்று யாரும் தோண்டுவதில்லை. அடுத்த வீட்டைத் தோண்டினால் தங்கள் வீட்டையும் தோண்ட வேண்டிவரும்.

முதல் பன்னிரண்டு வருடம் உயரமான கட்டடங்களின் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு பாலைவனத்துக்குள் சோலார் தகடுகளைத் துடைக்கப் போனார். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை தகடுதானாம். இன்று துடைத்தால் நாளைக் காலையில் மறுபடியும் கோதுமை மாவைச் சலித்துக் கொட்டிய மாதிரி இருக்குமாம். ‘துடைக்கத் துடைக்க வருது பாரு, அதனாலதான் நமக்குச் சோறு’ என்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். பள்ளிக்கூடம், வீடு, மாமனார் வழியில் வந்த ஒன்றரை ஏக்கர் வயல், மூன்றையும் ஒற்றை ஆளாக இழுத்து இழுத்துச் சலித்துப்போய்விட்டது. இதைச் சொன்னால் ‘ஒங்களுக்கென்ன டீச்சர், ரெண்டு சம்பளம்’ என்பார்கள். அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன்.

எப்போது திரும்பி வருவீர்கள் என்று கேட்டால், வீடு கட்டும்வரை என்றார் அவர், கட்டியாச்சு. மகள் படிப்பு முடியட்டும் என்றார், முடிந்தது. அவளுக்குக் கல்யாணம் ஆகட்டும் என்றார். அவள் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய் மூன்று வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு காரணம் சொல்வதையே விட்டுவிட்டார். ‘இன்னும் ரெண்டே வருசம்’ என்பது மட்டும் பாக்கி இருந்தது. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை நாற்பத்தைந்து நாள் லீவு. எல்லா லீவையும் கூட்டிப் பார்த்தால் இந்த இருபத்திரண்டு வருடத்தில் நாங்கள் சேர்ந்து இருந்தது ஒன்றரை வருடம்கூட வராது. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மனுஷன் போதும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து சேர வேண்டும்.

போன வருடம் மாசி மாதம் ஒன்பதாம் வகுப்புக்குப் பாலைவனங்களைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியிருந்தது. வருடா வருடம் அதே ஒட்டகம், அதே பேரீச்சை. எடுக்கிற எனக்கே கொட்டாவி வந்தது. ஆசிரியர் அறையில் உட்கார்ந்து புதிதாக ஏதாவது கிடைக்குமா என்று போனில் துழாவியபோது ஒரு கட்டுரை அகப்பட்டது. சகாரா பாலைவனத்தின் நடுவில் ஒரு காலத்தில் கடல் போலக் கிடந்த ஏரி ஒன்று வற்றி ஆயிரக்கணக்கான வருடம் ஆகிறதாம். அந்த ஏரித் தரையில், தண்ணீரில் வாழ்ந்து செத்த கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் கூடுகள் பொடிப்பொடியாகக் கிடக்கின்றன. இரண்டு மலைகளுக்கு நடுவில் புகுந்து வருகிற காற்று அந்தப் பொடியை அள்ளித் தூக்கிக்கொண்டு அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் போய் அமேசான் காட்டில் கொட்டுகிறது. அந்தக் காட்டில் ஓயாத மழை. மழை மண்ணில் உள்ள பாஸ்பரஸ் சத்தைக் கழுவி ஆற்றில் விட்டுவிடும். போன சத்தை ஈடுகட்டுவதில் இந்தத் தூசிக்கும் ஒரு பங்கு உண்டு என்கிறார்கள். எங்கேயோ ஒரு பொட்டல், எங்கேயோ ஒரு காடு, நடுவில் ஒரு கடல். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் வகுப்பில் சொன்னேன். பாஸ்பரஸ் என்றதும் பிள்ளைகள் முழித்தார்கள். “டிஏபி உர மூட்டையில இருக்குல்ல, அதுதான்” என்றதும் பாதி வகுப்பு தலையாட்டியது. “சித்திரையில கண்மாய் வத்துனதும் டிராக்டர் வச்சு வண்டல் அள்ளி வயலுக்கு அடிக்கிறோமா இல்லையா? அங்க டிராக்டருக்குப் பதிலாக் காத்து” என்றேன். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்து, “காட்டுக்குக் கெடைச்சிருச்சு டீச்சர். அந்தப் பாலைவனத்துக்கு என்ன கெடைக்கும்?” என்று கேட்டாள். “ஒண்ணும் கெடைக்காது, ஒக்காரு” என்றேன். அன்று எனக்குத் தலைவலி. அவள் கேட்டது நல்ல கேள்வி என்பது பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது.

சாயங்காலம் வேலை முடிந்து அவர் கூப்பிட்டபோது இதைச் சொன்னேன். கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“ஏய் டீச்சர், இருபத்திரண்டு வருசமா அந்தத் தூசியத்தானே தின்னுக்கிட்டு இருக்கேன்? எனக்கு ஒரு சத்தும் ஏறலையே. ஒன் காட்டுக்காரன் எந்தக் கடையில வாங்குறான்னு கேட்டுச் சொல்லு.”

சிரிப்பு முடிந்து இருமல் வந்தது. போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு இருமினார். என்ன இருமல் என்று கேட்டதற்கு ரூம் ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்றார். நானும் மிளகும் பனங்கற்கண்டும் போட்டுப் பால் குடிக்கச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

அந்தக் கோடையில் எங்கள் கண்மாயில் வண்டல் அள்ளத் தாலுகா ஆபீசில் அனுமதி கிடைத்தது. எங்கள் பங்காளிகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. டிராக்டர் கொட்டுவதற்கு முன்னால் முதல் கூடை வண்டலை அந்த வீட்டு ஆண்பிள்ளை கண்மாயிலிருந்து தலையில் சுமந்து, நடந்தே வந்து, வயலின் வடகிழக்கில் சனிமூலையில் கொட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்ற வண்டல் உள்ளே வரும். இதற்கு முன்பு இரண்டு தடவை அனுமதி கிடைத்தபோதும் இவர் ஊரில் இல்லை. இரண்டு தடவையும் எங்கள் வயல் மட்டும் சுண்டிப்போய்க் கிடந்தது.

கொழுந்தனார் இந்தத் தடவையும் கேட்டார். “அண்ணி, நான் கொட்டுனா என்ன? நானும் இந்த வீட்டு ஆம்பளதானே? மண்ணுக்கு அண்ணன் தம்பின்னு தெரியவா போகுது?”

“ஒங்க அண்ணன் உசுரோட இருக்கையில நீங்க ஏன் கொட்டணும்?” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். பாவம், அவர் முகம் சுண்டிவிட்டது. நான் இருபத்து நான்கு வருடம் வாத்தியார் வேலை பார்த்தவள். எந்தக் கை கொட்டினாலும் வண்டல் வண்டல்தான் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. என்னைப் பார்க்க வாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது, வண்டல் அடிக்க வாருங்கள் என்று சொல்லலாம். லீவுக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது என்று அவர் இழுத்தார். “அப்ப இந்த வருசமும் தரிசாக் கெடக்கட்டும், எனக்கென்ன” என்று போனை வைத்தேன். மூன்று நாள் எடுக்கவும் இல்லை. நாலாவது நாள் டிக்கெட் போட்டுவிட்டதாகச் செய்தி வந்தது.

வர வேண்டிய அன்று அங்கே புழுதிப் புயல் அடித்து விமானம் ஒருநாள் தள்ளிப் புறப்பட்டது. சித்திரை கடைசியில் வந்து சேர்ந்தார். ஆள் இளைத்திருந்தார். மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று, சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்ப்பதுபோலப் பாவனை செய்தார். பிரயாணக் களைப்பு என்று நினைத்தேன். இல்லை, அப்படி நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் எங்கள் முறை.

அன்று காலையிலேயே கத்திரி வெயில் கொளுத்தியது. கண்மாய்த் தரை பாளம் பாளமாக வெடித்து, மேல் மண் மாவாகக் கிடந்தது. பொக்லைன் ஒரு தடவை அள்ளினால் கரைவரை புழுதி எழும்பியது. தலையில் துண்டைச் சும்மாடாகச் சுருட்டி வைத்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு அரைக் கிலோமீட்டர் நடந்தார். நான் பின்னாலேயே சொம்பில் தண்ணீரோடு போனேன். மூக்கைத் துணியால் கட்டச் சொல்லலாம் என்று தோன்றியது. சாமி காரியத்தில் மூக்கைக் கட்டுவதா என்று பங்காளிகள் பேசுவார்களே என்று விட்டுவிட்டேன். சனிமூலையில் கொட்டிவிட்டு என்னைப் பார்த்து, “போதுமா டீச்சர்?” என்றார். எனக்கு அப்போது இருந்த சந்தோஷத்தை என்ன சொல்ல!

அதோடு உட்கார்ந்திருக்கலாம். டிராக்டர் கொட்டிய குவியலை மண்வெட்டியால் இழுத்துவிடுகிறேன் என்று இறங்கினார். இருபத்திரண்டு வருடத்தில் சொந்த நிலத்தில் ஒரு வேலை. விடுவாரா? காற்று எங்கள் பக்கம் திரும்பியது. புழுதிக்குள் அவர் இருமுவது கேட்டது. பிறகு இருமல் நின்றது. புழுதி அடங்கியபோது மண்வெட்டிக் கணையைப் பிடித்தபடி மண்டியிட்டுக் கிடந்தார். உதடு நாவற்பழம் தின்றவர் மாதிரி இருந்தது. கொழுந்தனார் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு அறந்தாங்கிக்குப் பறந்தார். அங்கே ஆக்சிஜன் வைத்துப் புதுக்கோட்டைக்கு அனுப்பினார்கள்.

எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் ஆயிற்று. முதலில் காசநோயோ என்று பார்த்தார்கள், அது இல்லை. நான்காம் நாள் நெஞ்சு டாக்டர், இளவயதுப் பெண், எங்கள் இருவரையும் உட்காரவைத்து, “ஐயா என்ன வேலை பாக்குறீங்க?” என்று கேட்டார்.

“கம்பெனியில இருக்கேங்க.”

“கம்பெனியில என்ன வேலை?”

அவர் என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். “தூசி தொடைக்கிறாருங்க. பாலைவனத்துல. இருபத்திரண்டு வருசமா.” அந்த வார்த்தையை வாய்விட்டு நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். நுரையீரல் முழுவதும் பொட்டுப் பொட்டாக இருந்தது. தூசி படிந்து படிந்து தழும்பு விழுந்திருக்கிறது, இருக்கிற தழும்பு போகாது, இனிமேல் விழாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். “இனி பாலைவனமும் கூடாது, வயக்காட்டுப் புழுதியும் கூடாது. நெஞ்சுக்கு ரெண்டும் ஒண்ணுதான். திரும்பி அந்த வேலைக்குப் போனா, எத்தனை நாளுக்குன்னு என்னைக் கேக்காதீங்க.”

அந்தக் கட்டுரையில் இதுவும் இருந்தது. கடலுக்கு அப்பால் காட்டுக்கு உரமாகிற அதே தூசி, அது கிளம்புகிற இடத்தில் இருக்கிறவர்கள் நெஞ்சை அடைக்கும் என்று கடைசியில் இரண்டு வரி எழுதியிருந்தார்கள். பரீட்சைக்கு வராது என்று வகுப்பில் சொல்லாமல் விட்டேன். போனில் அவரிடமும் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறவள், வீட்டில் ஒரு மனுஷன் இருமியபோது மிளகுப்பால் குடிக்கச் சொன்னேன். ஓடி வந்து முதல் கூடை சுமக்கவும் சொன்னேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

ஆனியிலிருந்து அவர் வீட்டில் இருந்தார். ஆனால் இருந்தது விருந்தாளியாக. விடியற்காலை ஐந்து மணிக்குக் குளித்துத் தலைவாரி, போர்வையை நான்கு மூலையும் நறுக்கென்று மடித்து வைத்துவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். சாப்பிட்ட தட்டைக் கழுவித் தன் தட்டு என்று தனியாகச் சாய்த்து வைப்பார். எந்த சுவிட்சுக்கு எந்த விளக்கு என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார். அவர் பணத்தில் கட்டிய வீடு! நான் பள்ளிக்கூடம் போனால் கதவைத் தாளிட்டுக்கொண்டு போனில், அங்கே கேம்ப்பில் கூடத் தங்கியிருந்த ஆட்களோடு பேசிக்கொண்டிருப்பார். பேச்சு முழுக்க அங்கே எந்த வரிசையில் யார் துடைக்கிறார்கள் என்பதுதான்.

புரட்டாசியில் பயிர் கரும்பச்சையாக நின்றது. “வண்டல் வேலையக் காட்டுது அண்ணி” என்று கொழுந்தனார் சந்தோஷமாகச் சொன்னார். எனக்கு அந்தப் பச்சையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. நல்லது என்று சொல்லிவிட்டு வரப்பிலிருந்தே திரும்பிவிட்டேன்.

ஆறு மாதத்துக்குள் திரும்பிப் போகாவிட்டால் அவர் விசா செத்துவிடும். ஐப்பசி கடைசித் திங்கட்கிழமைதான் அதற்குக் கெடு. புரட்டாசி முடிவில் ஒருநாள் நான் பள்ளிவிட்டு வந்தபோது பரணில் இருந்த பெட்டி கீழே இருந்தது. உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தார். “மாஸ்க் போட்டுக்கிட்டாப் போதும்ப்பா. வாரேன், வாரேன். டிக்கெட் அனுப்பச் சொல்லு.”

பையை அப்படியே போட்டுவிட்டுக் கத்தினேன். இருபத்திரண்டு வருடம் கத்தாததை எல்லாம் சேர்த்துக் கத்தினேன். “சாகப் போறீங்களா? அங்க போய்த்தான் சாகணுமா? என்ன கொறை இங்க? வீடு இல்லையா, மக இல்லையா, நான் ஒருத்தி செத்தா போயிட்டேன்?”

அவர் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

“கொறையெல்லாம் ஒண்ணும் இல்ல. இங்க நான் என்ன செய்யிறது, சொல்லு? வயக்காட்டுப் பக்கம் போகாதங்கிறாங்க. உப்பு எந்த டப்பாவுல இருக்குன்னுகூட எனக்குத் தெரியல. தெருவுல எதுக்க வர்றவன், எப்ப வந்தீங்கன்னு கேக்கல, எப்பப் போறீங்கன்னுதான் கேக்குறான். அங்க பதினாறு பேரு என்னைய அண்ணேன்னு கூப்புடுறானுக. எது எங்க இருக்குன்னு எனக்குக் கண்ண மூடிக்கிட்டுத் தெரியும். இங்க நான் லீவுல வந்தவன். அவ்வளவுதான்.”

அவர் சொன்னதில் ஒன்றும் பொய் இல்லையே. கீழே போட்ட பையை எடுத்து வைத்துவிட்டு, “வண்டலுக்காக ஒங்கள வரச் சொல்லல. ஒங்களப் பாக்கணும்னு இருந்துச்சு. அதுக்குத்தான் வரச் சொன்னேன்” என்றேன். ஐம்பது வயதுக்கு மேல் இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அவர் தலையைக் குனிந்தபடி உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிக்கெட் வந்தது. கெடு முடிகிற அதே திங்கட்கிழமைக்கு, திருச்சியிலிருந்து இரவு விமானம். அதன் பிறகு நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பெருந்தன்மையெல்லாம் இல்லை, தெம்பு இல்லை. பெட்டி கூடத்திலேயே இருந்தது. தினமும் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தேன். கோயம்புத்தூரிலிருந்து மகள் கூப்பிட்டு, “அம்மா, பாஸ்போர்ட்ட எடுத்து ஒளிச்சு வையி” என்றாள். பிடித்துக் கட்டிவைத்தால் அது வந்த மாதிரி ஆகுமா என்று கேட்டுவிட்டு வைத்தேன்.

திங்கட்கிழமை நல்ல மழை. சோறு வடித்து, குழம்பு வைத்து, மாத்திரைகளைக் காலை, மாலை என்று பிரித்துக் கவரில் போட்டு எழுதிப் பெட்டிமேல் வைத்தேன். “போயிட்டு வாரேன்” என்றேன். அவர், “ம்” என்றார். யார் போகிறார்கள், யார் வருகிறார்கள் என்று எனக்கே விளங்கவில்லை. பள்ளியில் நான்கு பீரியடும் உலக வரைபடத்தைத் திறக்கவே இல்லை, பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது அவரைத் திருச்சிக்கு ஏற்றிப்போக வர வேண்டிய கார் வாசலில் இல்லை. போய்விட்டார் என்று நினைத்துச் சாவியைத் தேடினேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். காய்ச்சலோ, கார் பிறகு வருமோ, நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் எழுந்து போய்விடுவாரோ என்று பயம். ரசம் வைத்தேன், சாப்பிட்டார், மறுபடியும் படுத்துவிட்டார். ஒன்பது மணிக்கு அவர் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. அவர் எடுக்கவில்லை.

காலையில் மழை விட்டிருந்தது. நான் அடுப்பில் உலை வைத்துக்கொண்டிருந்தேன். சமையலறை வாசலில் வந்து நின்றார். தலை வாரவில்லை, கைலி கசங்கியிருந்தது.

“ஏய், நம்ம தெருவுக்கு மீன் வண்டி எத்தன மணிக்கு வரும்?”

“ஏழரைக்கு வரும். ஆரன் சத்தம் கேட்டதும் போகணும், ரெண்டு நிமிசம்தான் நிப்பாரு. சட்டி அந்தக் கீழ்த் தட்டுல இருக்கு” என்று வகுப்பில் சொல்வதுபோலக் கடகடவென்று சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான், அவர் என்ன கேட்டார் என்பதே எனக்குப் புரிந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். சத்தம் போட்டுத்தான் அழுதேன்.

அவர் பயந்துபோய்ப் பக்கத்தில் குந்தினார். என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமல் என் முகத்தையும் சுவரில் இருந்த காலண்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏன், செவ்வாக்கெழம நம்ம வீட்டுல மீன் சாப்புட மாட்டோமா?”

“சாப்புடுவோங்க” என்றேன்.